மன்னார் மண்ணும் பற்றீரியாவின் தொண்டும்

ஆவணி, புரட்டாதி மாதங்களில் முருங்கன், நானாட்டான் வயல்வெளிகளின் வழியாகச் செல்வோர், கருங்களி நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடத்தலைக் காண்பர். மாதக்கணக்கில் வீசிய சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சிச் சென்றுவிட, புல் காய்ந்து, கட்டுக்கரைக்குளத்தின் நீரும் குறைந்து, நிலம் உயிரற்றதுபோலத் தோன்றும். ஐப்பசியில் முதன்மழை விழுகின்றது. விழுந்த கணத்திலேயே ஒரு மணம் எழுந்து ஊரெங்கும் பரவுகின்றது. "மண் மணக்கிறது" என்று மகிழ்கின்றோம். கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர் பலருக்கு, ஊர் என்றவுடன் முதலில் நினைவிலெழுவது இம்மணமாகவே இருத்தல் கூடும்.

அம்மணம் வெறும் மண்ணினுடையதன்று. மண்ணில் வாழும் ஸ்ரெப்ரோமைசீஸ் என்னும் பற்றீரியாக்கள் ஆக்கி வைத்த ஒரு பொருளே அதற்குப் பெரிதும் காரணமாகும். 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் அதனைப் பிரித்தெடுத்து, 'மண்ணின் மணம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக்கொண்டு ஜியோஸ்மின் எனப் பெயரிட்டனர். அம்மணம் பற்றீரியாவுக்கு எவ்வாறு பயன்படுகின்றது என்பதற்கு 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு விடை கூறிற்று. மண்ணில் வாழும் மிகச் சிறிய துள்ளுயிர்கள் மணத்தை நாடி வந்து பற்றீரியாக்களை உண்கின்றன. அவற்றின் உடலில் ஒட்டியும் குடலிற் புகுந்தும் பற்றீரியாவின் வித்திகள் வேறிடங்களுக்குப் பரவுகின்றன. உயிரற்றதெனத் தோன்றிய நிலம் உண்மையில் உறங்கிக் கிடந்ததேயாம்.

இக்கட்டுரையில் நாம் கூற விழைவது ஒன்றே. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் எம் வயலிலும் மருத்துவமனையிலும் கடற்கரையிலும் ஓயாது வேலை செய்கின்றன. அவை வேலையாட்களேயன்றி மந்திரவாதிகளல்ல. வேலையாளுக்கு உணவும் உறையுளும் வேண்டும். அவற்றை நாம் கொடுக்கின்றோமா என்பதே கேள்வி.

பகைவர் என்னும் பெயர்

பற்றீரியா என்றவுடன் நோய் என்று அஞ்சுவது எம்மவர் இயல்பு. அவ்வச்சத்துக்குக் காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தோட்டங்களில் வேலை தேடித் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடாக மலைநாடு நோக்கி நடந்தனர். அவ்வழியில் வாந்திபேதியால் மடிந்தோர் பலர். அந்நோயை விளைத்ததும் ஒரு பற்றீரியாவே.

ஆயினும் ஒரு சிலர் செய்யும் தீமைக்காக முழுக் குலத்தையும் பழித்தல் முறையன்று. 1676இல் ஒல்லாந்து நாட்டுத் துணி வணிகரான லீவன்கூக் என்பவர், தாமே தேய்த்தமைத்த வில்லைகளின் மூலம் முதன்முதலாக இவ்வுயிர்களைக் கண்டார். சாதாரண மண்பற்றீரியாக்களில் ஆயிரத்தை வரிசையாக நிறுத்தினால் அவ்வரிசையின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே. வளமுள்ள மண் ஒரு கிராமில், அதாவது ஒரு சிட்டிகை மண்ணில், நூறு கோடி வரையிலான பற்றீரியாக்கள் வாழலாம். இவற்றுள் மனிதருக்கு நோய் விளைப்பவை மிகச் சிலவே. ஏனையவை இறந்ததை உடைத்து, உயிருள்ளதற்கு ஊட்டும் பணியைச் செய்கின்றன. அவை இல்லையெனின் உதிர்ந்த இலையும் இறந்த மாடும் அப்படியே கிடக்கும். சில காலத்துள் பயிருக்கு உணவே இராது.

வயலில் அவை செய்வது

வளிமண்டலத்தில் 78 வீதம் நைதரசன். பயிருக்கு மிக வேண்டப்படும் உணவும் நைதரசனே. எனினும் நெற்பயிர் காற்றிலுள்ள நைதரசனை நேரே உண்ணமாட்டாது. கடல் நடுவே தாகத்தால் வாடும் மீனவன் நிலைதான் அதற்கும். நைதரசன் அணுக்கள் இரண்டு ஒன்றையொன்று மிக இறுகப் பற்றி நிற்பதே காரணமாகும். அப்பிணைப்பை அறுத்து அமோனியா ஆக்குவதற்கு யூரியா ஆலைகளில் 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும், வளிமண்டல அமுக்கத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கமும் வேண்டியிருக்கின்றன. சில பற்றீரியாக்களோ அதே வேலையை, எம் வயற் சேற்றின் சாதாரண வெப்பநிலையில், ஒரு நொதியத்தின் துணைகொண்டு செய்து முடிக்கின்றன.

உழுந்து, பயறு, கௌப்பி, நிலக்கடலை, சணல் முதலிய அவரையினப் பயிர்களின் வேர்களில் சிறுகணுக்கள் இருத்தலை மாணவர் கண்டிருப்பர். அவை நோயினால் வந்த வீக்கங்களல்ல. 1886இல் ஜேர்மனிய அறிஞர் எல்றீகல் என்பவர், இப்பயிர்கள் கணுக்களின் துணையால் காற்றின் நைதரசனைப் பெறுகின்றன என்று விளக்கினார். 1888இல் ஒல்லாந்தரான பேயெரிங்க் அக்கணுக்களில் வாழும் பற்றீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். இறைசோபியம் என இன்று வழங்கப்படுவது அதுவே. பயிர் தான் ஆக்கிய வெல்லத்திற் பங்கு கொடுக்கின்றது. பற்றீரியா நைதரசனைக் கொடுக்கின்றது.

பூக்கும் பருவத்திலுள்ள கௌப்பிச் செடி ஒன்றை வேரோடு மெல்லக் கிளப்பி, ஒரு கணுவை நகத்தாற் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடைபெறுகின்றது என்பது பொருள். வெண்மையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடைபெறவில்லை. அச்சிவப்பு எம் குருதியின் சிவப்புப் பொருளுக்கு உறவான ஒன்றாகும். நைதரசனைப் பிணைக்கும் நொதியத்தை ஒட்சிசன் கெடுத்துவிடும். ஆனால் பற்றீரியா மூச்சுவிட ஒட்சிசன் வேண்டும். ஆதலின் வேண்டிய அளவை மாத்திரம் கொண்டுவந்து கொடுக்கும் காவலாளாக அச்சிவப்புப் பொருள் நிற்கின்றது.

நெல்லுக்கு இத்தகைய கணுக்கள் இல்லை. எனினும் நீர் நிற்கும் வயலில் நீலப்பச்சைப் பாசி எனப்படும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதே தொண்டைச் செய்கின்றன. வங்காள நாட்டு வயல்களை ஆராய்ந்த பி. கே. டே என்பவர் 1939இல் இதனை எடுத்துக் காட்டினார். உரமின்றியும் நெல்வயல் தலைமுறை தலைமுறையாக ஓரளவு விளைந்து வந்ததன் மறைபொருள் இதுவாகும்.

எருவிலும் தழையிலும் உள்ள நைதரசனும் நேரே பயிருக்குச் சேர்வதில்லை. ஒரு கூட்டத்தார் அதனை அழுகவைத்து அமோனியா ஆக்குவர். மற்றொரு கூட்டத்தார் அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொரு கூட்டத்தார் அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுவர். இத்தொடரை விளக்கியவர் உருசிய அறிஞர் வினோகிராட்சுக்கி ஆவார். நீர் நின்று காற்றற்ற மண்ணிலோ வேறொரு கூட்டத்தார் நைத்திரேற்றைப் பிரித்து நைதரசனை மீண்டும் காற்றுக்கே அனுப்பிவிடுவர். யூரியாவை ஒரே முறையில் அள்ளி வீசாது பலமுறையாகப் பிரித்து இடுக என்று விவசாயப் போதனாசிரியர் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். வயலை மாறி மாறிக் காயவிட்டு நீர் கட்டினால், இட்ட பசளையின் ஒரு பகுதி கண்காணாமற் காற்றிற் போய்விடும்.

இவ்விடத்திற் கமக்காரர் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வைக்கோலை எரித்தல் பற்றீரியாவின் உணவை எரித்தலாகும். ஆனால் வைக்கோலை உழுது புதைத்த மறுநாளே விதைத்தலும் தவறு. வைக்கோலிற் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. அதனை உண்ணப் புகும் பற்றீரியாக்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, இளம்பயிர் மஞ்சளித்து நிற்கும். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே புதைத்து ஈரத்தில் மக்கவிட்டால் அக்குறை நேராது. அறுவடை முடிந்த வயல்களில் மாட்டுப்பட்டி அடைத்த எம் முன்னோர், நுணுக்குக்காட்டியை அறியாதிருந்தும் பற்றீரியாவுக்கு உணவிட அறிந்திருந்தனர்.

2021 தந்த பாடம்

எருவும் பற்றீரியாவும் போதுமெனின் இரசாயனப் பசளை எதற்கு என்று சிலர் கேட்பர். அதற்கு எம் நாடே விடை கண்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. அவ்வாண்டு நவெம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. பசளை உரிய காலத்திற் கிட்டவில்லை. அப்பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைவு முந்திய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தது. சீனாவிலிருந்து தருவிக்க முயன்ற சேதனப் பசளையின் மாதிரிகளில், பயிர்நோய் விளைக்கும் பற்றீரியாக்கள் இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையினர் கூறியதும், கம்பனியார் அதனை மறுத்ததும், கப்பல் கரைசேராது திரிந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

இது பற்றீரியாவின் குற்றமன்று, கணக்கின் குற்றம். நூறு கிலோகிராம் யூரியாவில் 46 கிலோகிராம் நைதரசன் உண்டு. நூறு கிலோகிராம் உலர்ந்த மாட்டெருவில் ஏறக்குறைய ஒரு கிலோகிராமே உண்டு. அதிலும் ஒரு பகுதியே முதற்போகத்திற் பயிருக்குக் கிடைக்கும். ஓர் எக்டேயரில் நான்கு தொன் நெல் விளைவதற்கு அறுபது முதல் எண்பது கிலோகிராம் வரை நைதரசன் வேண்டும். பல்லாண்டு எருவின்றி விடப்பட்ட மண்ணில், பட்டினி கிடந்த பற்றீரியாக்கள் ஒரே போகத்தில் அதனை ஈட்டித் தருமென எதிர்பார்த்தது பெரும்பிழை. அறுவடைக்கு முதல்நாள் ஆள் பிடித்து, கூலியும் சோறும் கொடாது, முழு வயலையும் அறுக்கச் சொன்னதை ஒக்கும் அது.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். யூரியாவை மாத்திரம் நம்பி, எருவையும் தழையையும் கைவிட்ட நிலத்திலும் பற்றீரியாக்கள் மெலிகின்றன, மண் இறுகுகின்றது, பின்பு அதே விளைவுக்கு மேலும் மேலும் பசளை வேண்டியதாகின்றது. ஆதலின் இரண்டையும் அளவோடு இணைத்து, எருவைப் படிப்படியாகக் கூட்டி, பசளையைப் படிப்படியாகக் குறைத்தலே அறிவுடைய வழி. திருக்குறள் உழவுக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, அங்கே எருவிடுதலை உழுதலினும் மேலாக வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது.

எம் மாவட்டத்துக்கு வேறொரு நம்பிக்கையும் உண்டு. மன்னாரில் உவர் ஏறிய வயல்கள் பல. இங்கிருந்து கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் பிச்சாவரத்துக் கண்டற் காட்டருகே உவர்நீரில் ஒருவகைக் காட்டு நெல் வளர்கின்றது. அதனை ஆராய்ந்த சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லோகநாதன், சுதா நாயர் ஆகியோர், உப்பைத் தாங்கி வாழ்ந்து, காற்றின் நைதரசனைப் பிணைத்து, மண்ணிற் கரையாது கிடக்கும் பொசுபேற்றையும் கரைக்கவல்ல ஒரு புதிய பற்றீரியாவைக் கண்டு 2004இல் வெளியிட்டனர். சுவாமிநாதேனியா என அதற்குப் பெயரிட்டனர். விடத்தல்தீவுக் கண்டற் காட்டின் வேர்களிலும் இத்தகைய தோழர் மறைந்திருத்தல் கூடாதோ? தேடுவார் வேண்டும்.

மருந்தான மண்

ஒரு சிட்டிகை மண்ணிற் கோடிக்கணக்கானோர் நெருங்கி வாழுமிடத்துப் போட்டி உண்டாதல் இயல்பு. போட்டியிற் பற்றீரியாக்கள் ஒன்றையொன்று அடக்க இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அப்பொருள்களே எமக்கு மருந்தாயின.

முதன்மழையின் மணத்தைத் தரும் அதே ஸ்ரெப்ரோமைசீஸ் குலத்திலிருந்தே சயரோகத்துக்கு முதன்முதலாகப் பயன்தரு மருந்து கிடைத்தது. 1943இல் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் வாக்ஸ்மன் அவர்களின் ஆய்வுகூடத்தில் மாணவராயிருந்த அல்பேட் ஷாற்ஸ், மிகுதியாக எருவிட்ட வயல் மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் எடுத்த மாதிரிகளில், சயரோகக் கிருமியை அடக்கும் பொருளைச் சுரக்கும் பற்றீரியாவைக் கண்டார். அப்பொருளே ஸ்ரெப்ரோமைசின். 1952இல் நோபெற் பரிசு வாக்ஸ்மனுக்கு மாத்திரம் கிடைத்தது. முன்னரே நீதிமன்றத்தை நாடிய ஷாற்ஸ், உடன் கண்டுபிடித்தவர் என்னும் உரிமையைப் பெற்றார். ஆய்வுகூடத்தில் இரவு பகலாக உழைக்கும் இளம் மாணவர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

இந்துக் கல்லூரியொன்றின் மலரில் மற்றொருவரையும் குறிப்பிடாது விடுதல் ஆகாது. 1895இல் ஆந்திர நாட்டிற் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், பள்ளித் தேர்விற் பலமுறை தவறி, ஈற்றில் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார்; சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்று அமெரிக்கா சென்றார். அவர் ஆராய்ச்சித் தலைவராயிருந்த நிறுவனத்திலேயே, மிசூரி மாநிலத்து மண்ணில் வாழ்ந்த பற்றீரியாவிலிருந்து டக்கர் என்பவர் ஓறியோமைசின் என்னும் மருந்தைக் கண்டு 1948இல் வெளியிட்டார். தெற்றசைக்கிளின் இன மருந்துகளில் முதலாவது அதுவே. தேர்விற் பின்தங்கிய மாணவனைக் கைவிடலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி ஒரு தீவின் கதை. 1964இல் கனடா நாட்டு ஆய்வுக் குழுவொன்று பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவுக்குச் சென்று மண் மாதிரிகள் கொண்டுவந்தது. மொன்றியலில் மருந்துக் கம்பனியொன்றிற் பணியாற்றிய இந்தியத் துணைக்கண்டத்தவரான சுரேந்திரநாத் சேகல், அம்மண்ணின் பற்றீரியா ஒன்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நூயி என்பதையொட்டி ராப்பாமைசின் என்றார். கம்பனி அவ்வாய்வைக் கைவிட்டபோது, அவர் பற்றீரியாவைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிற் பேணி வைத்தார். 1999இல் அம்மருந்து, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாது காக்கும் மருந்தாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. கடலாற் சூழப்பட்ட ஒரு சிறு தீவின் ஒரு பிடி மண் செய்த உதவி இது. மண்ணிலுள்ள பற்றீரியாக்களிற் பெரும்பாலானவற்றை இன்றும் ஆய்வுகூடத்தில் வளர்க்க இயலவில்லை என்பதை நினைக்குமிடத்து, மன்னார் மண்ணை எவரும் முற்ற ஆராய்ந்துவிட்டார் எனல் பொருந்தாது.

இம்மருந்துகளைக் கையாள்வோருக்கு எச்சரிக்கை ஒன்றுண்டு. மருந்தை இடையில் நிறுத்தினாலும் வேண்டாதபோது விழுங்கினாலும், அதற்கு அஞ்சாத கிருமிகள் தப்பிப் பெருகும். ஸ்ரெப்ரோமைசின் வழங்கத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அதனை எதிர்க்கும் சயரோகக் கிருமிகள் தோன்றிவிட்டன. இன்று அந்நோய்க்கு ஒரே வேளையில் பல மருந்துகளை ஆறு மாதம் வரை கொடுப்பது அதனாலேயே. அவற்றுள் முதன்மையான றிபாம்பிசினும், பிரான்சு நாட்டின் தென்கரையில் 1957இல் எடுத்த மண்ணிலிருந்த பற்றீரியாவின் கொடையே. மண் பன்னெடுங்காலமாகச் சேர்த்து வைத்த செல்வத்தை ஒரு தலைமுறையில் நாம் வீணாக்குதல் தகாது.

பேசாலைக் கிணறும் நுளம்பும்

நோயைத் தீர்ப்பது மாத்திரமன்றி, நோயைக் காவும் உயிரை அழிப்பதும் மண்பற்றீரியாவுக்குக் கைவந்த கலை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியா ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. அந்நோயை ஒழித்த நாடாக 2016 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், மன்னார்த் தீவின் பேசாலைப் பகுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு ஸ்ரெபென்சி என்னும் நுளம்பு இலங்கையில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மற்றைய அனோபிலிசு நுளம்புகள் பெரும்பாலும் ஆற்றோரக் குட்டைகளை நாட, இதுவோ வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் முட்டையிடும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது.

குடிக்கும் கிணற்றில் நஞ்சு இடுவதற்கு யார் மனம் துணிவர்? இங்கேதான் பசிலசு துரிஞ்சியென்சிசு என்னும் மண்பற்றீரியா நினைவுக்கு வருகின்றது. 1901இல் யப்பானிற் பட்டுப்புழு நோயை ஆராய்ந்த இசிவாத்தா அதனை முதலிற் கண்டார். 1911இல் ஜேர்மனியிற் பேர்லினர் அதனை விவரித்து, பின்னர் துரிஞ்சியா மாநிலத்தையொட்டிப் பெயரிட்டார். 1976இல் இசுரேல் நாட்டு நெகேவ் பாலைவனத்துச் சிறு குட்டையொன்றில், நுளம்புக் குடம்பிகளைக் கொல்லும் அதன் வகையொன்று கிடைத்தது. இப்பற்றீரியா வித்தியாகும்போது ஒரு புரதப் பளிங்கையும் ஆக்குகின்றது. குடம்பியின் குடல் காரத்தன்மையுடையது. பளிங்கு அங்கே கரைந்து குடற்சுவரைத் துளைக்க, குடம்பி மாள்கின்றது. மனிதரின் இரைப்பை அமிலமுடையது. அங்கே அப்புரதம் சாதாரண உணவைப்போலச் சீரணித்துவிடும். மீனுக்கும் அதனால் தீங்கில்லை. ஆயினும் அதன் வலிமை நீரிற் சில வாரங்களே நிலைக்கும். மீண்டும் மீண்டும் இடவேண்டும். ஆதலின் கிணற்றுக்கு வலை மூடியிடுதலும், குடம்பி உண்ணும் மீன் விடுதலும், தொட்டியை வாரந்தோறும் கழுவுதலும் கைவிடத்தக்கனவல்ல.

சேறும் கடலும்

மன்னார்ப் பாலத்தைக் கடப்போர் வங்காலைப் பக்கத்துச் சேற்று நிலத்திலிருந்து வீசும் முட்டை அழுகிய நாற்றத்தை முகர்ந்து மூக்கைச் சுளிப்பர். அதுவும் பற்றீரியாவின் தொழிலே. காற்றற்ற சேற்றில் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கடல்நீரின் சல்பேற்றைக்கொண்டு மூச்சுவிடும் பற்றீரியாக்கள், ஐதரசன் சல்பைட்டு வாயுவை வெளிவிடுகின்றன. அது இரும்போடு சேரச் சேறு கறுக்கின்றது. அங்கே இலையும் வேரும் மிக மெதுவாகவே சிதைவதால், காற்றிற் கலந்து உலகை வெப்பமாக்கியிருக்கும் காபன் நெடுங்காலம் சேற்றிலேயே தங்கிவிடுகின்றது. அச்சேற்றின் பற்றீரியாக்களைச் சிற்றுயிர்கள் உண்ண, அவற்றை இறாலும் மீனும் நண்டும் உண்ண, மாரியில் வந்திறங்கும் பூநாரைகளும் பிற பறவைகளும் அங்கே இரை தேடுகின்றன. வங்காலைச் சரணாலயம் 2010இல் றாம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. நாற்றம் என்று நாம் வெறுக்கும் சேறு, மீனவர் வலையில் விழும் இறாலுக்குத் தாய்வீடு என்பதை மறத்தலாகாது.

தீவின் கிணற்று நீரைப் பற்றியும் ஒரு சொல். மணலின் கீழ், உவர்நீரின் மேல், மழைநீர் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. மலசலகூடக் குழியிலிருந்து கசியும் அழுக்கைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. வயலில் வரமான அதே நைத்திரேற்று கிணற்றிற் சாபமாகும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கும். களிமண் நீரை மெல்லவே விடும். மணலோ வடிகட்டுமுன் ஓடவிட்டுவிடும். ஆதலின் தீவில் வீடு கட்டுவோர் குழியைக் கிணற்றிலிருந்து இயன்றளவு தொலைவில் அமைத்தல் கடனாகும்.

எண்ணெயை உண்ணும் பற்றீரியாக்களும் உண்டு. 1989இல் அலாஸ்காக் கரையில் எக்சன் வால்டீசு என்னும் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, கரையில் இயற்கையாக வாழ்ந்த பற்றீரியாக்களுக்கு நைதரசன் பசளையிட்டு அவற்றின் வேலையை விரைவுபடுத்தினர். அங்கும் உணவிட்ட பின்னரே வேலை நடந்தது என்பதைக் கவனிக்க. வங்காளத்திற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி எண்ணெயைச் சிதைக்கும் பற்றீரியாவொன்றை ஆக்க, அதற்குக் காப்புரிமை உண்டு என்று 1980இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011இல் மன்னார்க் கடற்படுக்கையில் இயற்கை வாயு கண்டறியப்பட்டதனால் இவ்வறிவு எமக்குப் புறம்பானதன்று. எனினும் 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து பரவிய பிளாத்திக்கு மணிகளைப் பற்றீரியா விரைவில் உண்டு தீர்க்கும் என்று எவரும் ஆறுதல் கொள்ளற்க. ஒருவகைப் பிளாத்திக்கை உண்ணும் பற்றீரியா யப்பானில் 2016இற் கண்டறியப்பட்டதாயினும், அம்மணிகளோ பொலித்தீன் வகையின. அவை அதற்கு உணவாகா.

எம் கடன்

முருங்கன் களிமண் ஒருகாலத்திற் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஏற்றப்பட்டது. மன்னார்த் தீவின் மணலிற் கனியங்களை அகழும் முயற்சி பற்றி அண்மை ஆண்டுகளில் வாதம் எழுந்துள்ளது. மண்ணைத் தொன்னாலும் விலையாலும் அளப்போர் அளப்பர். ஆனால் மண்ணின் உயிரிற் பெரும்பகுதி மேற்பரப்பின் சில அங்குலங்களிலேயே தங்கியிருக்கின்றது. அதனைப் புரட்டி அகற்றியபின், அதே மணலை அதே குழியிற் கொட்டினாலும் அவ்வுயிர்க்கூட்டம் முன்போல நிலைபெறப் பல்லாண்டுகள் செல்லும். எக்கணக்கிலும் இவ்விழப்பையும் ஒரு வரியாக எழுதுதல் வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

இம்மலரைப் படிக்கும் மாணவருக்கு எளிய பரிசோதனை ஒன்று கூறி அமைகின்றோம். தூய பருத்தி வேட்டித் துணியில் ஒரே அளவான மூன்று துண்டுகளை வெட்டுங்கள். எருவிட்ட தோட்டத்தில் ஒன்றையும், எருவற்ற வயலில் ஒன்றையும், தீவின் வெறுமணலில் ஒன்றையும் ஒரு சாண் ஆழத்திற் புதையுங்கள். மாரிக் காலத்தில் இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பாருங்கள். துணி எங்கே மிகுதியாகச் சிதைந்துள்ளதோ அங்கே உழைப்பாளர் மிகுதி. பருத்தி அவர்களுக்கு உணவு. எஞ்சிய துணி அவர்களின் வரவுப் பதிவேடு. கல்லூரித் தோட்டத்தின் ஒரு மூலையில் இதனை ஆண்டுதோறும் செய்து, துண்டுகளை ஆண்டு குறித்து விஞ்ஞான கூடத்தில் வைத்தால், அடுத்த விழாமலரை எழுதுவோருக்கு எம் மண் தேறுகின்றதா தேய்கின்றதா என்பதற்குச் சான்று கிடைக்கும்.

பழைய மாணவரை வேண்டுவது மற்றொன்று. விழாக் காலத்திற் கட்டடம் எழுப்புதல் எளிதிற் கண்ணுக்குத் தெரியும் கொடை. கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் காட்டும் நல்ல நுணுக்குக்காட்டிகள் சிலவற்றையும் எம் மாணவர்க்கு ஈந்தால், மன்னார் மண்ணிலிருந்து ஒரு ஷாற்ஸோ ஒரு சுப்பாராவோ தோன்றாரென்று எவர் கூறவல்லார்? ஐப்பசி மழை மீண்டும் வரும். மண் மீண்டும் மணக்கும். அம்மணத்தை முகரும்போது, அதனை ஆக்கியோர் எம் காலடியில் உணவுக்காகக் காத்திருக்கின்றனர் என்பதை நினைவோமாக.